நிறமும் நிலமும்

பனையைப் பற்றித் தமிழ் மக்களுக்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவது யாது? அதன் ஓலையில் எழுதி அறிவை வளர்த்தோம். அதன் நுங்கை உண்டு கோடையின் வெம்மை தணிந்தோம். அதன் ஓலையால் கூரை வேய்ந்து மழைக்கு ஒதுங்கினோம். எனினும், அப்பனையின் சுற்றத்தார் கடல்கடந்த நாடுகள் பலவற்றில் வாழ்கின்றனர் என்பதையும், அவருள் சிலர் பசுமையை விடுத்து, நீலமும் வெள்ளியும் கலந்ததோர் அரிய நிறம் பூண்டு நிற்கின்றனர் என்பதையும் அறிந்தவர் நம்முட் சிலரே. தென்னையின் ஓலை இறகு போன்றது. பனையின் ஓலை விசிறி போன்றது. இவ்விசிறி ஓலை உடைய மரங்களுள் நீலநிறம் வாய்ந்தவற்றையே யான் ஈண்டு நீலப்பனை எனக் குறிக்கின்றேன்.

இம்மரங்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அப்பழக்கம் என்னோடு நின்றுவிடவில்லை. நம் கல்லூரி விடுதியில் என்னோடு ஓர் அறையில் உடனுறைந்த நண்பர் மூவர் இருந்தனர். படிப்பு முடிந்தபின் ஒருவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கும், ஒருவர் இங்கிலாந்தின் தென்கரைக்கும் சென்றனர். மற்றவர் தாம் பிறந்த மொரீஷியஸ் தீவுக்கே திரும்பினார். யான் தாமிரவருணிக் கரைக்கு அணித்தாய் உள்ள என் ஊரிலேயே தங்கினேன். காலப்போக்கில் நால்வர் வீட்டு முன்றிலிலும் ஒவ்வொரு நீலப்பனை வேரூன்றிற்று. ஆயினும் அவை நான்கும் ஓரினத்தன அல்ல. அவை வேறுவேறாதற்குரிய காரணமே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதற்கண் அந்நிறத்தின் தன்மையைச் சிறிது ஆராய்வோம். நீலப்பனையின் ஓலையில் நீலச் சாயம் என்று ஒன்றுமில்லை. ஓலையை விரலால் அழுத்தித் தேய்த்தால், நீலம் விரலில் வெண்பொடியாய் ஒட்டிக்கொள்ள, அடியில் நம் பனையோலையின் பச்சையே வெளிப்படும். அப்பொடி மெழுகாம். சாம்பற்பூசணிக் காயின்மேல் படர்ந்திருக்கும் வெண்பூச்சும், கரும்பின் கணுவருகே காணப்படும் வெண்மையும் இவ்வகையினவே. கண்ணுக்குப் புலனாகாத நுண்மையுடைய அம்மெழுகுத் துகள்கள் தம்மேல் விழும் ஞாயிற்றொளியின் நீலக் கூற்றை மிகுதியாகச் சிதறச் செய்வதனால் ஓலை நமக்கு நீலமாகத் தோன்றுகின்றது.

மரம் இப்பூச்சை அழகிற்காக அணிந்துகொள்ளவில்லை. கடுங்கதிரின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புதற்கும், ஓலையின் ஈரம் வீணே ஆவியாய்ப் போகாமற் காத்தற்கும் பூண்ட கவசம் இது. நாம் வியந்து நோக்கும் நிறம், அம்மரத்தின் முன்னோர் வெயிலோடும் வறட்சியோடும் பொருது நின்றதற்குச் சான்று என்க. ஆதலின், நிழலில் வைத்த நீலப்பனை நிறம் மங்கிப் பசுமை மிகுந்து காட்டும். பூச்சிகளை ஒழிக்கக் கருதி எண்ணெய் கலந்த மருந்தைத் தெளிப்பின் மெழுகு கரைந்து நிறமும் போம். போன நிறம் அவ்வோலைக்கு மீளாது. புதிய குருத்து விரியும்வரை காத்திருத்தல் வேண்டும்.

நிற்க, என் முன்றிலில் நிற்பது பிஸ்மார்க்கியா நொபிலிஸ் என்பதாகும். ஜெர்மானியப் பேரரசின் முதல் தலைமை அமைச்சராயிருந்த பிஸ்மார்க்கின் பெயரை 1881ஆம் ஆண்டில் தாவர நூலார் இதற்கு இட்டனர். இதன் தாயகம் மடகாஸ்கர் தீவின் வடக்கும் மேற்கும் ஆம். அங்கே ஆண்டிற் சில திங்கள் மழை பெய்யும்; எஞ்சிய திங்கள்களில் புல்வெளி காய்ந்து கிடக்கும்; அடிக்கடி தீயும் பரவும். பிற மரங்கள் கரிந்தொழியும் அவ்வெளியில் இப்பனை தலைநிமிர்ந்து நிற்கும். அந்நாட்டு மக்கள் இதன் ஓலையால் வீடு வேய்கின்றனர். அடிமரத்தைப் பிளந்து பலகையாக்குகின்றனர்.

தாவர நூலார் இதனையும் நம் பனையையும் பொராசியே என்னும் ஒரே குலத்தில் வைத்துள்ளனர். அவ்வுறவை யான் விதையிட்ட நாளிலேயே கண்டேன். நம் பனங்கொட்டை முளைக்குங்கால் முளை மேலே எழாது, முதலில் கீழ்நோக்கி மண்ணுள் ஆழச் செல்வதைப் பனங்கிழங்கிற்காகக் கொட்டை புதைத்த சிறுவரும் அறிவர். பிஸ்மார்க்கியாவின் விதையும் அவ்வாறே செய்கின்றது. நமக்கு உண்ணுதற்குக் கிழங்கு கிடைப்பதில்லை. முளைக்கும் முறை மட்டும் ஒன்றே. ஆதலால் ஆழமில்லாத தொட்டியில் இதனை இடுதல் தகாது. வேர் கலைவதையும் இது சிறிதும் பொறாது. ஆகவே, இளங்கன்றாயிருக்கும்போதே அதன் இடத்தைத் தெரிந்து நட்டுப் பின்னர் அசைக்காது விடுதலே முறை. எங்கள் ஊர்ப் பனையேறி ஒருவர், அப்போது எழுபது வயதினர், நான்கு ஓலை விட்ட என் கன்றைச் சுற்றி வந்து நோக்கிவிட்டு, “இது நம்ம சாதிதான் ஐயா; இருந்த இடத்துல இருக்க விடுங்க” என்றார். தாவர நூல் பல பக்கங்களிற் கூறியதை அப்பெரியவர் ஒரு வரியிற் கூறினார்.

எங்கள் நாட்டின் நீண்ட கோடையும், ஐப்பசி கார்த்திகை மழையும், நீர் தேங்காத செம்மண்ணும் மடகாஸ்கரின் மேற்புறத்தை ஒருவாறு ஒத்திருத்தலின், மரம் தடையின்றி வளர்ந்தது. இரண்டு செய்திகளை மட்டும் இதனை வளர்க்க விரும்புவோர்க்கு உரைப்பேன். ஓலை ஒவ்வொன்றும் 3 மீட்டர் அகலம் வரை விரியக் கூடியதாகலின், சிறு முற்றத்திற்கு இது ஏற்றதன்று. தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் இதனையும் நாடி வருமாதலின், குருத்தையும் மட்டையின் அடியையும் அடிக்கடி நோக்குதல் வேண்டும். நம் பனையில் அலகுப்பனை என்றும் பருவப்பனை என்றும் ஆணும் பெண்ணும் வேறாயிருப்பதுபோல இதிலும் வேறாம். தனிமரம் விதை தருமென்று எதிர்பார்த்தல் வீண்.

கலிபோர்னியாவிலுள்ள நண்பர் வளர்ப்பது பிராஹியா அர்மாட்டா என்னும் நீலப்பனை. மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த பாகா கலிபோர்னியா என்னும் நீண்ட தீபகற்பத்தின் பாறைப் பள்ளத்தாக்குகளே இதன் முதன்மையான இருப்பிடம். இதன் பேரினப் பெயர் டென்மார்க்கு நாட்டு விண்ணூல் அறிஞர் டைகோ பிராஹியை நினைவூட்டுவது. அர்மாட்டா என்பதற்குப் படைக்கலம் பூண்டது என்பது பொருள். மட்டையின் விளிம்பிலுள்ள முட்களை நோக்கி இப்பெயர் அமைந்தது. இதன் பூங்குலைகள் ஓலைக்கூட்டத்தையும் கடந்து பல மீட்டர் நீண்டு வளைந்து தொங்குவன. நண்பர் ஊரில் கோடையில் மழையில்லை. குளிர்காலத்திற் சிறிது மழையும், சிலநாள் உறைபனியும் உண்டு. நம் பிஸ்மார்க்கியாவை வாட்டக்கூடிய அக்குளிரை இம்மரம் எளிதிற் பொறுக்கின்றது.

ஆயின், குளிரைப் பொறுக்கும் வன்மையுடைய மரம் எங்கும் வாழும் என்று முடிவு செய்தல் பொருந்துமோ? பொருந்தாது. காவிரிக் கழிமுகத்தில் வாழும் அன்பர் ஒருவர் இதன் கன்றுகள் மூன்றை வருவித்துத் தம் வயலோரக் களிமண்ணில் நட்டார். இரண்டு கோடைகளை அவை இனிதே கடந்தன. மூன்றாம் ஆண்டின் அடைமழையில் ஒரு வாரம் நீர் தேங்கி நின்றது. மழை ஓய்ந்தபோது மூன்று கன்றுகளின் குருத்தும் கையோடு வந்துவிட்டன. பாலைவனத்து மரத்திற்கு வெம்மை பகையன்று. சிறிது குளிரும் பகையன்று. வெம்மையோடு கூடித் தேங்கி நிற்கும் ஈரமே பெரும்பகையாயிற்று.

இனி, இங்கிலாந்திலுள்ள நண்பரைப் பற்றிக் கூறவேண்டும். அவர் ஒருமுறை விடுமுறையில் வந்து என் வீட்டில் இருநாள் தங்கினார். திரும்பிச் சென்றபின் எழுதிய மடலில், “உன் முற்றத்து மரம் போன்றதொன்று என் வீட்டு வாயிலில் நிற்குமாயின், ஊரை விட்டு வந்த துயரம் எனக்குப் பாதியாகும். பனையின் தங்கை என்றாயன்றோ? அத்தங்கையை இங்கே அனுப்புதற்கு வழி சொல். செலவைப் பற்றிக் கவலையில்லை. மாரிக்காலத்தில் துணி சுற்றிக் காப்பேன்” என்று வேண்டியிருந்தார். அதனைப் படித்தபோது, ஆம் என்று எழுதவே என் உள்ளம் விரும்பிற்று. தாய்நாட்டை நீங்கி முப்பது ஆண்டு உழைத்த ஒருவர் ஒரு மரத்தையே கேட்கின்றார், அதனையும் மறுப்பதா?

மறுத்தே எழுதினேன். உறைபனியைத் துணியால் ஒருவாறு தடுக்கலாம்; ஆனால் அந்நாட்டுக் கோடையின் வெம்மைக் குறைவை எதனால் நிரப்புவது? மடகாஸ்கரின் மரம் ஓலை விடுதற்கு நெடுநாள் வெயில் வேண்டும். அஃது இல்லாவழி, ஆண்டுதோறும் இழந்த ஓலைக்கு ஈடாகப் புதிய ஓலை விடமாட்டாது மெலிந்து மெலிந்து மாயும். நண்பர் வாயிலில் நாளும் அவர் காணவேண்டியது ஒரு நோயாளியாகவே இருக்கும். இவ்வாறு எழுதியதன்பின் ஆறு திங்கள் அவரிடமிருந்து மறுமொழி இல்லை. நட்பிற்கு ஊறு நேர்ந்ததோ என்று அஞ்சி மூன்றுமுறை எழுதினேன்.

ஏழாந் திங்களில் அவர் மடல் வந்தது. மொராக்கோ நாட்டு அட்லஸ் மலைகளில் வளரும் கேமரோப்ஸ் ஹியூமிலிஸ் என்னும் குட்டைப்பனையின் நீலவகையைத் தாம் விதையிலிருந்து எழுப்பத் தொடங்கியிருப்பதாக அவர் எழுதியிருந்தார். இக்கேமரோப்ஸ், மத்தியதரைக் கடலின் மேற்பகுதியைச் சூழ்ந்த ஐரோப்பிய ஆப்பிரிக்கக் கரைகளில் இயல்பாக வளர்வது. ஓரடியினின்று பல தண்டுகள் கிளைத்துப் புதர்போல் விளங்கும். மலைமேல் வாழும் நீலவகை பனியும் குளிர்காற்றும் கண்டு பழகியது. நீர் வடியும் மண்ணாயின் தென் இங்கிலாந்தின் குளிரைப் பொறுக்கும். இவ்வினத்தின் உறுதிக்கு ஒரு சான்று கூறுவேன். இத்தாலி நாட்டுப் பாதுவா நகரத் தாவரத் தோட்டத்தில் 1585ஆம் ஆண்டில் நட்ட பச்சைக் கேமரோப்ஸ் ஒன்று இன்றும் கண்ணாடி மாடத்துள் வாழ்கின்றது. ஜெர்மானியப் பெருங்கவிஞர் கெதே 1786இல் அதனைக் கண்டு சிந்தித்தமையால் அது கெதேயின் பனை எனப்படுகின்றது.

நண்பர் சரளை கலந்து மேடாக்கிய மண்ணில், தெற்கு நோக்கிய சுவரோரம், தம் கன்றை நட்டார். இப்போது அஃது இடுப்பளவு உயர்ந்துள்ளது. “இது நம் பனையின் தங்கையன்று, தூரத்து உறவே. ஆயினும் இவ்வூர் மழையில் வருந்தாமல் வாழ்கின்றது. யானும் அவ்வாறு வாழக் கற்றுக்கொண்டேன்” என்று அவர் சென்ற ஆண்டு எழுதினார். அவ்வரியைப் பலமுறை படித்தேன்.

மொரீஷியஸ் நண்பரின் முன்னோர் கரும்புத் தோட்டத்து வேலைக்காகத் தமிழகத்தினின்று கப்பலேறியவர். அவர் நம் கல்லூரியிற் பயின்று, தம் தீவிற்குத் திரும்பி, ஆசிரியராய் விளங்கினார். அவர் வளர்த்தது அத்தீவிற்கே உரிய லத்தானியா லோடிகெஸி என்னும் நீலப்பனை. இதுவும் பொராசியே குலத்தது. ஆகவே நம் பனைக்கு நெருங்கிய சுற்றம். லத்தானியாவில் மூன்று இனங்களே உள. ரீயூனியன் தீவினது சிவப்பும், ராட்ரிகஸ் தீவினது மஞ்சளும், மொரீஷியஸினது நீலமும் சார்ந்தவை. உப்புக் கலந்த கடற்காற்றை நீலலத்தானியா நன்கு பொறுக்குமாதலின், உறைபனி அறியாத கடற்கரை ஊர்களுக்கு இது மிகவும் ஏற்றது.

இம்மரத்தின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. மொரீஷியஸுக்கு வடக்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் ரவுண்டு ஐலண்டு என்னும் சிறுதீவு உளது. லத்தானியா இயற்கையாக எஞ்சி நின்ற இடங்களுள் அதுவே தலையாயது. 19ஆம் நூற்றாண்டில் மனிதர் அங்கே விட்ட ஆடுகளும் முயல்களும் பெருகி, முளைத்த கன்றுகளையெல்லாம் மேய்ந்தன. முதுமரங்கள் நின்றன, அவற்றின் வழித்தோன்றல்கள் இல்லை. மண்ணும் மழையில் கரைந்து கடலிற் கலந்தது. 1979ஆம் ஆண்டளவில் ஆடுகள் அகற்றப்பட்டன; 1986இல் முயல்களும் ஒழிக்கப்பட்டன. அதன்பின் எவரும் நடாமலே பனங்கன்றுகள் கூட்டங்கூட்டமாய் எழுந்தன.

நண்பர் இவ்வரலாற்றைத் தம் மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் எடுத்துரைப்பார். தம் மரம் ஆணோ பெண்ணோ என்று அறியும் ஆவல் அவர்க்கு மிகுதி. மரம் மெல்ல வளர்வது. பூக்குமுன் அவர் காலம் முடிந்தது. அவர் மறைந்த இரண்டாம் ஆண்டில் மரம் காய்த்ததென்றும், அப்பாவின் மரம் பெண்மரம் என்றும் அவர் மகளார் எனக்குத் தெரிவித்தார். வரிவரியாய்ச் செதுக்கினாற்போன்ற மேற்பரப்புடைய விதைகளின் புகைப்படம் ஒன்றும் உடன் வந்தது.

அரிய மரம் என்னும் சொல்லை நாம் எவ்வளவு எளிதாக வழங்குகின்றோம்! மடகாஸ்கரின் பிஸ்மார்க்கியா நம் தோட்டங்களிற் புதுமையாகத் தோன்றுகின்றது. தன் தாயகத்துப் புல்வெளியிலோ அது மலிந்தே காணப்படுகின்றது. லத்தானியாவோ உலகின் வெப்பநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் எளிதிற் காணப்படுகின்றது; தன் தாயகத்திலோ அழியும் நிலையில் உள்ளது. தோட்டத்தின் கணக்கு வேறு. காட்டின் கணக்கு வேறு. மடகாஸ்கரில் உள்ள 192 பனையினங்களில் நூற்றுக்கு 83 பங்கு அழிவின் அச்சத்தில் உள்ளன என்று உலக இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தார் 2012ஆம் ஆண்டில் அறிவித்தனர். காட்டினின்று பெயர்த்த மரத்தை வாங்குவோன் தன் முற்றத்தை அழகு செய்ய ஒரு காட்டை வறிதாக்குகின்றான். தோட்டத்து மரங்களின் விதையினின்று எழுந்த கன்றை வாங்குதலே நேர்மை. பெயர்த்து நட்ட பெருமரம் பல ஆண்டு வருந்துதலும், விதையினின்று வந்த கன்று தன் இடத்திற் செழித்தலும் கண்கூடாதலின், நேர்மையும் பயனும் இவ்விடத்து ஒன்றேயாம்.

இவை யாவற்றினின்றும் யான் தெளிந்தது இதுவே: நிறத்தை விரும்புவோன் முதலில் நிலத்தை அறிதல் வேண்டும். ஒரு மரத்தைப் பற்றி வினவுங்கால், அஃது எவ்வளவு குளிரைப் பொறுக்கும் என்னும் வினா ஒன்றே போதாது. அதன் தாயகத்தில் மழை கோடையிற் பெய்வதா, மாரியிற் பெய்வதா? மழை நின்றபின் மண் உடனே உலர்வதா, ஈரம் காப்பதா? வெம்மை எத்தனை திங்கள் நீடிப்பது? காற்றில் உப்பு உண்டா? இவ்வினாக்களுக்கு விடை கண்டபின், தன் ஊரை எடுத்து ஒப்பிட்டு நோக்கவேண்டும். ஒத்திருப்பின் மரம் நம் உழைப்பைச் சிறிதே வேண்டும். ஒவ்வாதாயின் நம் அன்பு முழுவதும் அதற்குத் துன்பமாகவே முடியும். விருப்பம் நம்முடையது, வாழவேண்டியது மரம் அன்றோ?

மாணவ நண்பர்களே! உங்களுட் பலர் படிப்பு முடிந்தபின் நாடுகள் பலவற்றிற்குச் செல்வீர்கள். செல்லுமிடத்து உங்கள் வாயிலில் ஒரு மரம் நட எண்ணினால், நம் ஊர் மரமே வேண்டுமென்று வருந்தவேண்டா. அந்நிலம் எதனை விரும்பி ஏற்குமோ அதனை நடுங்கள். விதையிலிருந்து தொடங்குங்கள், இடத்தைத் தெரிந்து இட்டபின் பெயர்க்காதீர்கள். பனைக்குலம் பொறுமையுடைய குலம். தன்னை வளர்ப்பாரிடமும் அப்பொறுமையையே வேண்டுவது. மொரீஷியஸினின்று வந்த விதைகளுள், உரிய அனுமதியோடும் ஆய்வோடும் எனக்குக் கிடைத்தவை ஐந்து. அவற்றுள் இரண்டு முளைத்துள்ளன. என் ஊர் கடலுக்கு அண்மையிலன்று. ஆதலின் அவற்றைத் தூத்துக்குடியில் கடற்காற்று வீசும் இடத்திலுள்ள என் தங்கையின் வீட்டு முற்றத்திற்கு அனுப்ப எண்ணியுள்ளேன். அவை கனி தருங்காலத்து யான் இருப்பேனோ அறியேன். தங்கையின் பேரன் இருப்பான். அவனுக்கு இப்போது வயது ஆறு.